எடை பார்த்து வாங்கிய சிடி பிளேயர்

பெட்டியைப் பிரிக்க முடியாது என்று சிடி பிளேயர் கடைக்காரர் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

"பிரிச்சா பழசாயிடும்ணா. அப்புறம் யார் வாங்குவாங்க?"

நான் பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ்மேன். இருபத்தாறு வருஷமாக ஒரே கடை, ஒரே மெத்தை. வெள்ளைத் துணி விரித்த அந்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரில் இருப்பவர்கள் விரல் நீட்டுகிற புடவையை எல்லாம் பிரித்துப் போடுவது என் வேலை. கல்யாணக் கூட்டம் வந்தால் ஒரு முகூர்த்தப் புடவைக்கு எண்பது, நூறு பிரிக்க வேண்டியிருக்கும். பிரித்தால் மட்டும் போதாது. முந்தி எப்படி விழும் என்று சிலருக்குத் தெரிய வேண்டும். எழுந்து நின்று என் தோளில் போட்டுக் காட்டுவேன். மீசை வைத்த ஆள், பாதித் தலை நரைத்த ஆள், அரக்குச் சிவப்புப் புடவையைத் தோளில் சுற்றிக்கொண்டு நிற்பேன். கூட வந்த பிள்ளைகள் போனில் படம் எடுத்துச் சிரிக்கும்.

இயல்பில் நான் கூச்சப்படுகிறவன். ஷேர் ஆட்டோவில் என் இடம் வந்துவிட்டால் நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஆள் இறங்குகிற இடம் வரை போய், நடந்து திரும்புகிறவன். அப்படிப்பட்டவன்தான் ஊரார் எதிரில் புடவை போட்டுக் காட்டுகிறேன். எல்லாம் முடிந்த பிறகு, "பாத்துட்டு வர்றோம்" என்று எழுந்து போய்விடுவார்கள். நூறு புடவையும் முன்னால் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் பழைய மடிப்பு மாறாமல் மடித்து வைப்பேன். பிரித்தால் பழசாகிவிடும் என்று ஒரே ஒரு தடவை நான் யாரிடமாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

என்னிடம்தான் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிக்க மாட்டேன் என்றார் அந்த மனுஷன்.

இந்தக் காலத்தில் சிடி பிளேயர் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். சொன்னால் புரியாது என்று யாருக்கும் நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். கடையில் நாள் முழுக்கப் பேசுகிறேன். "வாங்கம்மா, உக்காருங்கம்மா, என்ன கலர்ல பாக்குறீங்க" என்று ஆரம்பித்தால் ஷட்டர் இறங்குகிற வரை வாய் ஓயாது. அது என் குரலே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தை மேல் ஏறியதும் வந்து ஒட்டிக்கொள்கிற குரல். வீட்டுக்கு வந்தால் எனக்குப் பேச்சே வேண்டாம். நான் பேசுவதும் வேண்டாம், பிறர் பேசுவதும் வேண்டாம். வீணை, புல்லாங்குழல், நாதஸ்வரம் என்று வாய்ப்பாட்டு இல்லாததாகப் பார்த்துக் கேட்பேன். காலையில் எட்டிலிருந்து ஒன்பது வரை, வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம். மகள் தன் போனில் போட்டுத் தந்து பார்த்தாள். ஆலாபனைக்கு நடுவில் எவனோ வந்து பற்பசை வாங்கச் சொல்கிறான். யாராவது கூப்பிட்டால் வீணை நின்று மணி அடிக்கிறது. சிடியில் அந்தத் தொல்லை இல்லை. போட்டால் முடிகிற வரை அது பாட்டுக்கு ஓடும்.

சிடிகளுக்குக் குறைவில்லை. முன்பு எங்கள் கடையில் காலையிலிருந்து சிடிதான் ஓடும். முதலாளியின் பிள்ளை வந்த பிறகு எல்லாம் போனுக்கு மாறிவிட்டது. ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடிகள் மாடிப்படிக்குக் கீழே குப்பையோடு கிடந்தன. கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு நாள் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடை பெருக்குகிற அம்மா மூன்றாம் நாள் அதைத் தூக்கி என் கையில் வைத்து, "எடுத்துக்கினு போய்த் தொலைங்க, பெருக்க முடியல" என்றார்.

ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் பாய் செய்து கொடுத்தவை. பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எனக்கு இந்த ஊரில் சிநேகிதர் என்று சொல்ல அவர் ஒருவர்தான். அவர் கடையில் ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். தப்பாக நினைக்க மாட்டார். அந்த ஆம்ப்ளிஃபயரோடு பழைய டிவிடி பிளேயர் ஒன்றைச் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வருஷம் அதன் மோட்டார் போய்விட்டது. இனிமேல் இதற்குப் பாகம் கிடைக்காது, பாட்டுக்கென்றே நல்லதாக ஒரு சிடி பிளேயர் பாரு என்றார் பாய்.

எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். உன் சிடியை நீயே எடுத்துக்கொண்டு போ. கடையில் போட்டுக் கேட்காமல் வாங்காதே. தட்டு வெளியே வரும்போது ஆடுகிறதா என்று பார். கீறல் விழுந்த சிடி ஒன்றும் கொண்டு போ, அதைப் படிக்கிறதா என்று பார். இதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் இதைச் சொன்னார்:

"பாட்டக் கேக்காதபா. பாட்டு எதுலயும் நல்லாதான் இருக்கும். ஒரு பாட்டு முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கறதுக்கு நடுவுல கொஞ்சம் சும்மா இருக்குது பாரு, அதக் கேளு. அங்க ஒண்ணுமே கேக்கக் கூடாது. கேட்டா மால் சரியில்ல."

வீட்டில் என் மனைவி ஆன்லைனில் போடச் சொன்னாள். பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்கே வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போவானாம். நான் மாட்டேன் என்றேன். நான் மாட்டேன் என்று சொல்லி அவள் அதிகம் கேட்டதில்லை. அதனால் சும்மா இருந்துவிட்டாள்.

எனக்கென்று நான் எதையும் பார்த்து எடுத்ததில்லை. பத்தாவது முடித்ததும் கடையில் கொண்டுபோய் விட்டது மாமா. பெண் பார்த்தது அம்மா. வீட்டுக்கு வெளிர் மஞ்சள் அடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பெயிண்டர் ரோஜா நிறத்தோடு வந்து நின்றார். வாங்கிவிட்டாரே, எப்படிச் சொல்வது என்று விட்டேன். பதினோரு வருஷமாக ரோஜா நிறச் சுவரைப் பார்த்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். மற்றவர்களுக்காக எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிற எனக்கு, ஒரே ஒரு பொருளையாவது எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லி, இது வேண்டாம், அது வேண்டாம் என்று தள்ளி, என் காதால் கேட்டு எடுக்க வேண்டும் என்று இருந்தது. அந்த ஆசை அற்பமானதாக இருக்கலாம். என் ஆசை அது.

எங்கள் ஊரில் சிடி பிளேயர் இன்னும் விற்கிற கடை ஒன்று உண்டு. கோயில்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் மைக் செட், ஆம்ப்ளிஃபயர் கொடுக்கிற கடை. கோயிலில் காலையில் போடுகிற பாட்டுக்காக இரண்டு மூன்று சிடி பிளேயர் எப்போதும் வைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, மஞ்சள் பையில் இரண்டு சிடியோடு போனேன்.

கடைக்காரரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் பெண் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க, குடும்பத்தோடு எங்கள் கடைக்கு வந்தவர். என் மெத்தைக்கு எதிரில்தான் உட்கார்ந்தார்கள். காலை பத்தரைக்கு வந்தவர்கள், நடுவில் ராகு காலம் வந்துவிட்டது என்று பணம் கட்டாமல் காத்திருந்து, மூன்று மணிக்கு எழுந்தார்கள். நான் மதியம் சாப்பிடவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்த மாதிரி தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. எங்கள் எதிரில் உட்கார்கிறவர்கள் புடவையைத்தான் பார்ப்பார்கள். அதைப் பிடித்திருக்கிற ஆளை யார் பார்க்கிறார்கள்?

மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றின் படத்தில் நீல விளக்குகள் இருந்தன. ஒன்று மெல்லியதாக, சாப்பாட்டு டப்பா மாதிரி இருந்தது. மூன்றாவது பெரியது. நான் பையிலிருந்து சிடியை எடுத்து, போட்டுக் கேட்கலாமா என்று கேட்டேன். கேட்டேன் என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை ஆட்டோவில் வரும்போது முழு வழியும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது. பிரித்தால் பழசாகிவிடும். வேண்டுமானால் போனில் வீடியோ பார்த்துக்கொள்ளுங்கள், ஆயிரம் பேர் போட்டிருக்கிறான் என்றார்.

அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும். "பாத்துட்டு வர்றேன்" என்று இரண்டு வார்த்தை. தினமும் பத்துப் பேரிடமிருந்து நான் வாங்குகிற வார்த்தை. எனக்குச் சொல்ல வரவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் மூன்றாவது பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"தூக்கிப் பாருங்கண்ணா. எடைய வெச்சே சொல்லிடலாம்."

தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். பெட்டியின் அடியில் கை வைத்துத் தூக்கியபோது கை தானாகவே சரி என்றது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் தொழிலில் கைதான் முதலில் பேசும். பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு என்று எடையிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும். இருபத்தாறு வருஷம் பழகிய கை. அந்தக் கைக்கு முன்னால் காதை மறந்துவிட்டேன். மற்ற இரண்டையும் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. போனஸ் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக் கேட்காத சிடிகளை மறுபடியும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் பிரித்து வைத்தபோது என் மனைவி, "நல்லா கனமா இருக்குதுங்க" என்று பாராட்டினாள். அவளும் நெசவுக்காரர் வீட்டுப் பெண்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வீணையைப் போட்டேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. முடிந்தது. அடுத்தது ஆரம்பிப்பதற்கு முன்னால், பாய் சொன்ன அந்த இடத்தில், ம்ம்ம் என்று ஒரு சத்தம். ஈ ஒன்று ஜன்னலில் மாட்டிக்கொண்ட மாதிரி. அதைக் கேட்டுவிட்ட பிறகு பாட்டுக்கு அடியிலும் அதுவே கேட்க ஆரம்பித்தது. மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். ஃபேன் சத்தம் என்றாள். ஃபேனை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுத் தறி என்றாள். பக்கத்து வீட்டில் அன்று தறி ஓடவில்லை. "உங்களுக்குக் காதுக்குள்ள கேக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பத்து நாள் பொறுத்தேன். அந்தப் பத்து நாளும் என் ஒரு மணி நேரம் அந்த ஈயோடு போயிற்று. கடையில் புடவை பிரிக்கும்போதுகூட அது கேட்டது.

அடுத்து வந்த லீவில் பாயிடம் கொண்டுபோனேன். தூக்கிப் பார்த்ததும் அவர் புருவத்தை உயர்த்தினார். பிரிக்கட்டுமா என்று கேட்டார். தலையாட்டினேன். திருகாணிகளைக் கழற்றி மேல் மூடியை எடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கி என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

உள்ளே முக்கால்வாசி காலி. ஒரு மூலையில் உள்ளங்கை அளவு போர்டு, நடுவில் சிடி சுற்றுகிற பகுதி, அவ்வளவுதான். அடியில் நாலு திருகாணி போட்டு முடுக்கின ஒரு இரும்புத் தகடு. தடிமனான தகடு, கறுப்புப் பெயிண்ட் அடித்தது. எதோடும் அதற்குச் சம்பந்தம் இல்லை. ஒரு ஒயர்கூட அதைத் தொடவில்லை. பாய் அதைக் கழற்றி என் கையில் வைத்தார். பிறகு தகடு இல்லாத பிளேயரை இன்னொரு கையில் வைத்தார். அது அப்பளக் கட்டு மாதிரி இருந்தது.

"இன்னாபா, பாட்டு வாங்கப் போய் இரும்பு வாங்கிக்கினு வந்துக்கீற" என்று பாய் சிரித்தார். சிரித்தே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கஞ்சி ஏற்றி எடை காட்டின புடவையை நான் விரலால் தேய்த்தே சொல்லிவிடுவேன். முதலாளி கொள்முதல் பண்ணும்போது என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார். எந்தக் கொம்பனாக இருந்தாலும் கஞ்சிப் புடவையை என் கை தாண்டிக் கொண்டுபோக முடியாது. அந்தக் கைக்கு ஒரு இரும்புத் துண்டைக் கட்டி விற்றுவிட்டான் ஒருவன். வேறு யாராவது வாங்கியிருந்தால் ஏமாந்தோம் என்பதோடு போயிருக்கும். நான் ஏமாந்தது எனக்குத் தெரிந்த வித்தையிலேயே. வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். வழியில் யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. எதிரில் ஹாரன் அடித்த டூரிஸ்ட் வேன் மேல், பாயின் சிரிப்பு மேல், என் வலது கை மேல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிளேயரை மூட்டை கட்டி, தகட்டைத் தனியாக மஞ்சள் பையில் சிடிகளோடு போட்டு, கடைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஒரு வாரமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஐயம்பேட்டைப் பக்கத்திலிருந்து கோயில் திருவிழாவுக்கு மைக் செட் பேச வந்தவர்கள். அவர்களைப் பார்த்ததும் எழுதி வைத்தது அத்தனையும் போய்விட்டது. தகட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். வைத்தது கொஞ்சம் பலமாகிவிட்டது. கண்ணாடி மேஜை.

கடைக்காரர் தகட்டைப் பார்த்தார். பிளேயரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். சீல் உடைந்திருக்கிறது, கம்பெனி எடுக்காது என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன். நகரவில்லை. அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"எனக்கு உங்களத் தெரியும்ணா. அன்னிக்கே தெரியும். எம் பொண்ணு கல்யாணத்துக்கு உங்க கையாலதான் பொடவ எடுத்தோம். எங்க வீட்டம்மா லேசா ஒண்ணு கையில வெச்சிக்கினு, இது போதும்பா, அது கனமா இருக்குதுபான்னு சொன்னாங்க. நீங்க இன்னா சொன்னீங்க? தூக்கிப் பாருங்கம்மா, எடையிலயே தெரியும்னு சொன்னீங்க. மணவறையில பொண்ணு தோளு வலிக்குதுன்னு அழுதுச்சு. அதுக்கப்புறம் கட்டவே இல்ல, பீரோவுல கெடக்குது." தகட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார். "ஆனா வார்த்த நல்ல வார்த்தண்ணா. நானும் கஸ்டமருக்கு அத்தயேதான் சொல்றேன். நல்லா ஓடுது."

திருவிழாக்காரர்கள் சிரித்தார்கள்.

எனக்கு அந்த அம்மா ஞாபகம் வந்தார். ஒல்லியான உடம்பு, மூக்குத்தி. இலைப்பச்சையில் லேசான ஒரு புடவையை மடி மேல் வைத்துக்கொண்டு விடவே இல்லை. நான் அதை மெதுவாக அவர் மடியிலிருந்து எடுத்து மடித்து ஓரம் வைத்துவிட்டு, கனமானதை வைத்தேன். ஆமாம். செய்தேன். தினமும் செய்கிறேன். கனமான புடவை போனால்தான் முதலாளி முகம் மலரும்.

அன்றைக்கே தெரியும் என்கிறார். தெரிந்துகொண்டேதான் சிரித்தார். தெரிந்துகொண்டேதான் பிரிக்க மாட்டேன் என்றார். நாலரை மணி நேரம் சோறு தின்னாமல் தனக்குப் பிரித்துப் போட்ட ஆளை எதிரில் வைத்துக்கொண்டு, என் வார்த்தையையே எடுத்து என் கையில் கொடுத்திருக்கிறார். வாய் திறந்தால் அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே செருப்பைக் கழற்றினேன். கடைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கடைக் குரல் வந்துவிட்டது.

"சார், எத்தன பொடவ பிரிச்சேன்னு ஞாபகம் இருக்குதா?"

அவர் தகட்டின் மேலிருந்து கையை எடுத்தார்.

"அம்மா மூணு தடவ வாசலுக்கு எடுத்துக்கினு போய் வெயில்ல பாத்தாங்க. தோள்ல போட்டுக் கண்ணாடியில பாத்தாங்க. நான் ஒரு தடவகூட வேணாங்கல. நான் சொன்னது தப்பு சார். அம்மா கேட்ட பச்சயக் குடுத்திருக்கணும். ஆனா அத்தனையும் கண்ணால பாத்தப்புறம்தான் நான் வாயத் தொறந்தேன். நீங்க ஒரு பொட்டி பிரிக்கல. இப்போ பிரிங்க. நான் கேக்கணும்."

எழுந்திருங்கள், தரையில் எதற்கு உட்காருகிறீர்கள் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அது ஒன்றும் போராட்டம் இல்லை. எனக்கு அப்படி உட்கார்ந்தால்தான் பேச வரும். எழுந்தால் குரல் போய்விடும் என்று பயம். திருவிழாக்காரர்களில் பெரியவர், "போட்டுதான் காட்டுங்களேன், நாங்களும் பாட்டுக் கேட்டுக்கினே நிக்கிறோம்" என்றார். அவருக்கு விற்க வேண்டிய மைக் செட் பெரிய வியாபாரம். கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தார்.

மீதி இரண்டு பெட்டிகளையும் என் எதிரில் தரையில் வைத்துப் பிரித்தார். கடையிலிருந்த ஆம்ப்ளிஃபயரில் ஒயர் மாட்டினார். நீல விளக்கு போட்டதன் தட்டு வெளியே வரும்போதே கிழவன் பல் மாதிரி ஆடியது. வேண்டாம் என்றேன். அந்த வார்த்தையை என் வாயால் சொல்லிக் கேட்டேன். மெல்லியதைக் கையில் எடுத்தேன். எடையே இல்லை. கை உடனே வேண்டாம் என்றது. கையை மடியில் வைத்துக்கொண்டு, போடுங்கள் என்றேன்.

புல்லாங்குழல். ஒரு பாட்டு முழுக்க ஓடியது. முடிந்தது. ஒன்றும் இல்லை. தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்டது, திருவிழாக்காரர் தொண்டையைச் செருமியது கேட்டது. பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை என்றேன். கீறல் விழுந்த சிடியைக் கொடுத்தேன், படித்தது. மறுபடியும் முதல் சிடி. மறுபடியும் அந்த நடு இடம். நாலாவது தடவை எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டிருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை போடச் சொன்னேன். அது வீம்பு. வியர்த்துக்கொண்டு அவர் குனிந்து குனிந்து போடுவதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. எங்கள் மெத்தைக்கு எதிரில் உட்கார்கிறவர்களில் சிலர் ஏன் இதற்கு மேல் வேண்டாம் என்று தெரிந்த பிறகும் பிரிக்கச் சொல்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்ததில் அவர்கள் மேல் இருந்த கோபம் குறையவில்லை, கூடியது.

"இத்தக் குடுங்க" என்றேன்.

மாற்றிக் கொடுத்தார். மனம் வந்து கொடுக்கவில்லை. திருவிழாக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் கொடுத்தார். நீல விளக்குக்காரனைத் தெர்மோகோலில் பழையபடி வைத்து, கவரை மடித்து, ஒயரைச் சுற்றி, பிரித்ததே தெரியாத மாதிரி நானே பெட்டி கட்டி வைத்தேன். கை சும்மா இருக்காது. வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து சொன்னார்.

"ரொம்ப லேசா இருக்குதேண்ணா. பரவால்லயா?"

திரும்பிப் பார்க்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. எழுந்து நின்றுவிட்டேன் அல்லவா, குரல் போய்விட்டது.

பாய் புது பிளேயரை ஒரு காதால் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். என் மனைவி தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா மாத்திக்கினு வந்தீங்க, காத்தாட்டம் இருக்குது" என்றாள். ரோஜா நிறச் சுவருக்கு முன்னால் அது உட்கார்ந்திருக்கிறது. நான் கேட்டு எடுத்தது. அதில் சந்தேகம் இல்லை.

இதற்குப் பிறகு 'தூக்கிப் பாருங்கம்மா' என்று சொல்வதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். விடவில்லை. நேற்றும் சொன்னேன். கனமானதைத் தள்ளிவிடத்தான் எனக்குச் சம்பளம். சொல்லும்போது நாக்கு ஒரு நொடி நிற்கிறது, அவ்வளவுதான். பிறகு சொல்லிவிடுகிறது.

காலையில் எட்டு மணிக்கு வீணையைப் போடுகிறேன். முதல் பாட்டு முடிகிறது. இப்போது அங்கே ஈ சத்தம் இல்லை. பாய் சொன்னது போல ஒன்றுமே கேட்பதில்லை. யாரும் பேசாத அந்த நாலைந்து நொடிக்காகத்தான் இவ்வளவு பாடும். அதற்குள்தான் அந்த அம்மா வந்து உட்கார்ந்துகொள்கிறார். இலைப்பச்சைப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, மறுபடி மறுபடி அதையே சொல்கிறார்.

"இது போதும்பா. அது கனமா இருக்குதுபா."

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அந்தக் கடைக்காரர் மேல் என்றுதான் முதலில் நினைத்துக்கொள்கிறேன். அதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடுகிறது.